மலை இறங்கத் தெரிந்த வேன்

பழனிசெட்டிபட்டியில் எந்தத் தெரு முனையில் நின்றாலும் பார்வை ஏதாவது ஒரு மலையில் போய் முட்டும். மேற்கே போடிமெட்டு, தெற்கே மேகமலை, கம்பத்தைத் தாண்டினால் குமுளி, வடக்கே பெரியகுளத்துக்கு மேலே கொடைக்கானல் தொடர். சைக்கிள் மிதிப்பவர்களுக்கு வாய்த்த ஊர். வீரபாண்டி, உப்புக்கோட்டை என்று வயலோரமாகச் சுற்றிவிட்டு வர வேன் எதுவும் தேவையில்லை. வாசலில் ஏறி மிதித்தால் போதும். ஆனால் வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்து, அவர்களுக்கும் சைக்கிள் இருந்து, ஞாயிற்றுக்கிழமை வைகை அணை, சுருளி, கும்பக்கரை என்று ஆசை வந்துவிட்டால் கதை வேறு. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை வண்டிகள் கம்பம் சாலையை நிறைத்திருக்கும்போது பத்து வயதுப் பிள்ளையை அந்தச் சாலையில் சைக்கிளில் கூட்டிப்போக எந்தத் தாயும் சம்மதிக்க மாட்டாள். சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், நல்ல சாலை தொடங்கும் இடத்தில் இறக்கி ஓட்டுவதுதான் வழி. அங்கேதான் பழைய வேன் தேடும் படலம் தொடங்குகிறது.

தேனிப் பக்கம் பழைய வேனுக்குப் பஞ்சமில்லை. 1984-இல் வந்து 2019-இல் நின்றுபோன மாருதி ஆம்னி, 2010 முதல் ஓடும் ஈகோ, டாடா மேஜிக், பெரிய குடும்பம் என்றால் விங்கர், டிராவலர். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை ஏற்றியது, காய்கறி ஏற்றியது, திராட்சைக் கூடை சுமந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பூர்வாசிரமம் உண்டு. ஆட்டோ கன்சல்டிங் கடைக்குப் போனால் முதலில் கிலோமீட்டர் காட்டுவார்கள், பிறகு பெயிண்ட் பளபளப்பைக் காட்டுவார்கள், பிறகு ஏசி போட்டுக் காட்டுவார்கள். சைக்கிள் ஏற்றி மலைக்குப் போகிறவருக்கு இந்த மூன்றாலும் பெரிதாக ஒன்றும் தெரிய வராது. அவர் பார்க்க வேண்டியது இரண்டு: வண்டியின் உள்நீளம், இறக்கத்தில் அதன் பிரேக்.

முதலில் நீளம். சைக்கிள் விசித்திரமான சரக்கு. எடை ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு முதல் பதினெட்டு கிலோ. நான்கு சைக்கிள் ஏற்றினாலும் ஒரு பெரியவரின் எடைதான். ஆனால் இடத்தை மட்டும் நான்கு மூட்டை நெல்லுக்கு மேல் அடைத்துக்கொள்ளும். அதனால் 'எவ்வளவு லோடு தாங்கும்' என்று கேட்பதில் பயனில்லை. டேப்பை எடுத்து அளக்க வேண்டும்.

கணக்கு எளிது. சாதாரண கியர் சைக்கிளின் இரண்டு அச்சுகளுக்கும் நடுவே ஏறத்தாழ 102 சென்டிமீட்டர். சக்கரத்தின் ஆரம் டயரோடு சேர்த்து 34. முன்னும் பின்னும் ஒவ்வொரு ஆரம் சேர்த்தால் மொத்த நீளம் 170. முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் முன்பக்கத்து ஆரம் போய்விடும்; 136-தான் மிச்சம். 29 அங்குலச் சக்கரம் கொண்ட மலைச் சைக்கிளுக்கு முழு நீளம் 185-ஐத் தாண்டும். முன்சக்கரம் கழன்றால் 150. ஒரு சக்கரத்தைக் கழற்றும் அரை நிமிட வேலை, வண்டி ஒரு அளவு சின்னதாக இருந்தாலும் போதும் என்று ஆக்கிவிடுகிறது. பழைய ஹெர்குலிஸ், அட்லஸ் ரகத்தில் மட்டும் இது எளிதில்லை. ஸ்பேனர் வேண்டும், மட்கார்டு கம்பி குறுக்கே நிற்கும், ராடு பிரேக் தொந்தரவு செய்யும். அவற்றைப் படுக்கத்தான் வைக்க வேண்டும்.

இனி வேன். ஈகோவின் வெளிநீளம் 3,675 மில்லிமீட்டர், அகலம் 1,475. ஆம்னி 3,370-க்கு 1,410. வெளி அளவைப் பார்த்து ஏமாறக் கூடாது. முன்சீட்டின் முதுகிலிருந்து பின்கதவின் உள்பக்கம் வரை, தரையிலும் இடுப்பு உயரத்திலும் தனித்தனியாக அளக்க வேண்டும்; பின்கதவு மேலே போகப் போக உள்ளே சாய்வதால் இரண்டும் ஒன்றாக இராது. ஹேண்டில்பார் இருப்பது மேலே. கதவைத் திறந்து பார்க்கும்போது தாராளமாகத் தெரிந்த இடம், மூடும்போது ஹேண்டில்பார் கண்ணாடியில் இடிக்கும். அகலத்தையும் சக்கர வளைவுகளுக்கு நடுவே அளப்பது நல்லது. முழு சைக்கிள் நேராக நுழையாவிட்டால் மூலைக்கு மூலை வைக்கலாம் என்று சொல்வார்கள். பிதாகரஸ் கைகொடுப்பது உண்மைதான்: 150-க்கு 120 தரையில் மூலைவிட்டம் 192 வரும். ஆனால் அப்படி ஒரே ஒரு சைக்கிள்தான் வைக்க முடியும். நான்கு வேண்டுமானால் முன்சக்கரம் கழற்றி, ஒன்று முன்னே பார்க்க அடுத்தது பின்னே பார்க்க, மாற்றி மாற்றி நிறுத்துவதே வழி. ஒன்றின் ஹேண்டில்பார் இருக்கும் இடத்தில் மற்றதன் சீட் வரும், அகலம் மிச்சமாகும்.

நிறுத்தினால் போதாது, கட்ட வேண்டும். பெரும்பாலானவர்கள் அலட்சியமாக இருப்பது இங்கேதான். 15 கிலோ சைக்கிள் கைக்கு லேசு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வேன் எதிலாவது மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றால், அந்தச் சைக்கிளை நிறுத்தத் தேவைப்படும் விசை ஏறத்தாழ 250 கிலோ எடைக்குச் சமம். அதுவும் பெடல், செயின் வீல், ஃபோர்க் முனை என்று கூர்மையான பாகங்களோடு, முன்சீட்டில் இருப்பவர் பிடரிக்கு நேராக. நைலான் கயிற்றை ஜன்னல் கம்பியில் சுற்றுவது இதற்கு ஈடாகாது. பின்சீட்டைக் கழற்றினால் தரையில் அதன் போல்ட் துளைகள் தெரியும். உட்கார்ந்திருக்கும் ஆட்களோடு சேர்த்துச் சீட்டைப் பிடித்து நிறுத்துவதற்காகத் தரையில் தகடு வலுப்படுத்தி வைத்த இடங்கள் அவை. ஒன்றரை அங்குலப் பலகை ஒன்றை அந்தத் துளைகளிலேயே போல்ட் போட்டு இறுக்கி, அதன்மேல் ஃபோர்க்கைக் கவ்வும் கிளாம்ப்களைப் பதித்துவிட்டால் முன்பாகம் அசையாது. பின்சக்கரத்துக்கு ஆளுக்கொரு ராட்செட் பெல்ட். கிளாம்ப் கடையில் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் அளவு கொடுத்துக் கடைந்து வாங்கலாம். டிஸ்க் பிரேக் சைக்கிள் என்றால், சக்கரம் கழன்றிருக்கும்போது யாராவது பிள்ளை பிரேக்கை அழுத்திவிட்டால் பேட் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்; நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகி வையுங்கள்.

சீட்டைக் கழற்றுவது சட்டத்தோடு உரசும் விஷயம். ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை சீட் என்று பதிவாகியிருக்கிறதோ அதை நிரந்தரமாக மாற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதி கேட்கிறது. சீட்டே இல்லாத சரக்கு ஈகோ வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை என்று தோன்றும். ஆனால் அது சரக்கு வண்டியாகப் பதிவானது. மஞ்சள் போர்டு, எஃப்.சி. எல்லாம் உண்டு, பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது? ஏழு சீட் வண்டியில் வரிசைகள் கூட, இடம் குறைவு. ஐந்து சீட் ஈகோவில் பின்வரிசைக்குப் பின்னால் கிடைக்கும் இடமும், தேவைப்பட்டால் பின்வரிசையில் பாதியும் என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். சி.என்.ஜி. வண்டியை நான் ஒதுக்கிவிடுவேன். எரிபொருள் செலவு மிச்சம்தான். ஆனால் சைக்கிள் நிற்க வேண்டிய இடத்தில் சிலிண்டர் படுத்திருக்கும். அந்தச் சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்கு விட வேண்டும் என்பதையும் பழைய வண்டிக்காரர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள்.

உள்ளே வைக்காமல் கூரைமேல் கட்டினால் என்ன? கூடாது என்பதற்குப் பள்ளத்தாக்கின் காற்றே முதல் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளி வழியாகப் பிதுங்கிக்கொண்டு வருவதால்தான் ஆண்டிபட்டி, கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆடி மாதம் கம்பத்தை நோக்கி 60-இல் போகிறீர்கள், எதிரே 40-இல் காற்று வருகிறது என்றால், கூரைமேலிருக்கும் சைக்கிளைப் பொறுத்தவரை வேகம் 100. காற்றின் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். காற்றில்லாத நாளைப்போல ஏறத்தாழ 2.8 மடங்கு. மைலேஜ் போவது ஒருபுறம். கொண்டை ஊசி வளைவில் வேறு தொல்லை. ஆட்களோடு 1,200 கிலோ இருக்கும் வேனின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டரில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கேரியரும் நான்கு சைக்கிளுமாக 80 கிலோவை 2.3 மீட்டர் உயரத்தில் ஏற்றினால் அந்த மையம் 80-க்கு உயர்ந்துவிடும். இடவலச் சக்கரங்களுக்கு நடுவே 1.28 மீட்டர்தான். பக்கவாட்டில் கவிழாமல் தாங்கும் திறன் எட்டில் ஒரு பங்கு குறைகிறது. மெத்தென்ற ஸ்பிரிங் மேல் உடம்பு சாய்வதையும் சேர்த்தால் இன்னும் மோசம். இதையெல்லாம் சமாளித்து வீடு வந்து சேர்ந்தபின், கூரைமேல் சைக்கிள் இருப்பதை மறந்து போர்டிகோவுக்குள் வண்டியை விடுகிறவர்களும் உண்டு.

பின்கதவில் தொங்கவிடும் கேரியர் கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் நம்பர் பிளேட்டும் பிரேக் விளக்கும் மறையும். பின்அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை நெம்புகோலாக முன்பக்கத்தைத் தூக்கும். ஆம்னியின் இரு அச்சுக்கும் இடையே 1,840 மில்லிமீட்டர்தான், ஈகோவுக்கு 2,350. அதே நான்கு சைக்கிள் ஆம்னியின் ஸ்டியரிங்கை அதிகமாக லேசாக்கும்.

ஆம்னியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், விலையும் குறைவு. ஆனால் ஓட்டுநரின் கால்களுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவே ஒரு தகடுதான். சமவெளிக்கு வைத்துக்கொள்ளலாம், மலைக்கு நான் சொல்ல மாட்டேன். ஈகோவும் கோட்டை ஒன்றுமில்லை: 2016-இல் குளோபல் என்கேப் அமைப்பு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதிப் பார்த்தபோது ஏர்பேக் இல்லாத அந்த ஈகோவுக்கு ஒரு நட்சத்திரம்கூடக் கிடைக்கவில்லை. 2019 ஏப்ரலில் ஏ.பி.எஸ்., ஜூலையில் ஓட்டுநர் ஏர்பேக் என்று புதிய கார்களுக்குக் கட்டாயமாயின. ஆகவே கொஞ்சம் அதிக கிலோமீட்டர் ஓடிய 2020 வண்டியும், குறைவாக ஓடிய 2016 வண்டியும் ஒரே விலைக்கு வந்தால் யோசிக்கவே வேண்டாம், 2020-ஐ எடுங்கள்.

கிலோமீட்டரை நம்பாததற்கு மீட்டரைத் திருப்பிவிடுவார்கள் என்பது மட்டும் காரணமில்லை. திருப்பாத மீட்டரும் முழு உண்மை சொல்லாது. இன்ஜின் தேய்வது தூரத்தால் அல்ல, அது சுற்றிய மணிக்கணக்கால். தெருத்தெருவாக நின்று நின்று பிள்ளை ஏற்றிய பள்ளி வேன் சராசரி 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியிருக்கும்; 40,000 கிலோமீட்டருக்கு அதன் இன்ஜின் 2,600 மணி நேரத்துக்கு மேல் சுற்றியிருக்கிறது. மதுரைக்கும் தேனிக்கும் 50 வேகத்தில் ஓடிய வண்டி அதே தூரத்தை 800 மணியில் முடித்திருக்கும். கிளட்ச், முதல் கியர், பக்கக் கதவின் தண்டவாளம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழப்பாகி, மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் புரிந்துகொள்ளலாம். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். 20,000 ஓடியதாகச் சொல்லும் 2021 வண்டியில் 2024-இல் செய்த நான்கு டயர் ஏன் என்று கேட்டுப் பாருங்கள்.

துருவுக்கு வருவோம். தேனி கடலிலிருந்து தள்ளியிருப்பதால் இங்கேயே பிறந்து வளர்ந்த டி.என். 60 வண்டிகளின் தரைத் தகடு பொதுவாக நன்றாகவே இருக்கும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்சிஜனும் போதும் என்றாலும், உப்பின் குளோரைடு அயனிகள் கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் வேலை பல மடங்கு வேகமாகும். இரும்பின்மேல் படியும் பாதுகாப்புப் படலத்தையும் அது நிற்க விடாது. டி.என். 65 என்றால் ராமநாதபுரம், டி.என். 69 என்றால் தூத்துக்குடி. ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் மேட்டைத் தூக்கி, சக்கர வளைவின் உள்ளே, பக்கக் கதவின் கீழ்த் தண்டவாளத்தில், ஜாக்கி வைக்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். துருவேறியது மொத்தென்று கேட்கும். பட்டி பார்த்து பெயிண்ட் அடித்த இடத்தில் சின்னக் காந்தத்தை வைத்தால் ஒட்டாமல் வழுக்கும். கதவில் பட்டி இருந்தால் போகட்டும். சைக்கிள் பலகையைப் பதிக்கப் போகும் தரையில் இருந்தால் வண்டியே வேண்டாம்.

உப்பைவிட மோசமானது வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை வண்டிகள் மூழ்கின என்பது நினைவிருக்கும். 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம்; காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மூழ்கிய வண்டிகள் கழுவித் துடைத்து, சீட் கவர் மாற்றி, பல ஊர்ச் சந்தைக்கும் வரும். சீட் கவர் மாற்றுகிறவர் சீட் பெல்ட்டை மாற்றுவது அபூர்வம். பெல்ட்டைக் கடைசிவரை, சுருளின் அடி தெரியும்வரை வெளியே இழுங்கள். வெளியே இருக்கும் பாதி சுத்தமாகவும், உள்ளே சுருண்டிருந்த பாதியில் செம்மண் நிறத்தில் ஒரு கோடும் தெரிந்தால், தண்ணீர் எந்த உயரம்வரை நின்றது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை. ஃபியூஸ் பெட்டியில் செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தாலும் அதே பொருள்தான்.

இதுவரை சொன்னது நிற்கும் வண்டியில் பார்ப்பது. ஓட்டிப் பார்க்க நம் ஊருக்கு ஒரு வசதி உண்டு: போடி தாண்டி முந்தலில் மலை ஏற்றம் தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து போடிமெட்டு வரை இருபது சொச்சம் கிலோமீட்டரில், கொண்டை ஊசி வளைவுகள் வழியாக, ஏறத்தாழ 1,000 மீட்டர் உயர்வு. எந்தப் பணிமனையின் கருவியும் இந்தச் சாலைக்கு ஈடில்லை. விற்பவர் 'பைபாஸ்ல ஒரு ரவுண்டு போதும் சார்' என்பார். போதாது.

ஏறும்போது பார்க்க வேண்டியது சூடு. ஆள் சைக்கிளோடு 1,300 கிலோ வண்டியை ஆறு சதவீதச் சரிவில் 30 வேகத்தில் ஏற்ற ஆறரை கிலோவாட் போதும். டயர் உராய்வைச் சேர்த்தாலும் எட்டு. ஈகோவின் இன்ஜினுக்கு இது பெரிய வேலை இல்லை. உயரத்தில் காற்று மெலிந்து சக்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தாலும் மிச்சம் நிறைய. பிரச்சினை, மெதுவாக ஏறும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை என்பது. போடிமெட்டு உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டருக்குள் கொதிக்காமல் இருப்பதற்கு அதன் மூடியின் ஸ்பிரிங் கொடுக்கும் அழுத்தம்தான் காரணம். அந்த ஸ்பிரிங் தளர்ந்தால், சமவெளியில் எந்தக் குறையும் காட்டாத வண்டி மலையில் பொங்கும். மேலே போய் நிறுத்தியதும் இன்ஜினை அணைக்காமல் இரண்டு நிமிடம் ஓடவிட்டு, ஃபேன் தானாகச் சுற்றி நிற்கிறதா, அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். மூடியை அப்போது திறக்கவே கூடாது. மறுநாள் காலை ஆறியபின் ஆயில் மூடியைத் திறந்து, உள்பக்கம் காபி நிற வெண்ணெய் போலப் படிந்திருந்தால் தண்ணீரும் ஆயிலும் கலக்கின்றன. ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு.

ஏற்றத்தில் குறை இருந்தால் வண்டி நின்றுபோகும், அவ்வளவுதான். இறக்கத்தில் குறை இருந்தால் நிற்காது.

1,300 கிலோவை 1,000 மீட்டர் இறக்கும்போது விடுபடும் ஆற்றல் 12.7 மெகாஜூல். டயர் உராய்வு அதில் கால் பங்குக்கு மேல் தின்றுவிடும்; மிச்சம் ஏறத்தாழ 9 மெகாஜூலை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். முக்கால் மணி நேரத்தில் இறங்கினால் சராசரி 3,300 வாட். நியூட்ரலில் போட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் அவ்வளவும் நான்கு சக்கரத்தின் இரும்புக்குள் போக வேண்டும். அந்த இரும்பு மொத்தம் 25 கிலோ என்று வைத்து, காற்று அதைக் குளிர்விக்காது என்று எடுத்துக்கொண்டால், வெப்பநிலை எழுநூற்றுக்கும் மேல் ஏறும். காற்று குளிர்விக்கும்தான், அதனால் அவ்வளவு போகாது. ஆனால் அதில் பாதி போனாலே ஆபத்து.

ஏன் என்றால் பிரேக் ஆயில். அது கிளைக்கால் வகைத் திரவம். காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வது அதன் குணம். டாட் 3 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. அதே ஆயில் 3.7 சதவீதம் தண்ணீரை உறிஞ்சிய நிலையில் விதி கேட்பது 140 டிகிரிதான். இரண்டு மூன்று ஆண்டு மாற்றாமல் விட்டால் இந்த நிலைமை வந்துவிடும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது. அதனால்தான் காலின் அழுத்தம் அப்படியே சக்கரத்துக்குப் போகிறது. கொதித்து ஆவிக் குமிழி வந்துவிட்டால் அது சுருங்கும். கால் அழுத்துவது குமிழியை மட்டுமே. பெடல் தரைவரை போகும், வண்டி போய்க்கொண்டே இருக்கும். டிரம் பிரேக்கில் இன்னொரு சங்கடம்: சூட்டில் டிரம் விரிந்து, பிரேக் ஷூவை விட்டு விலகும். ஈகோவுக்கு முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

இதற்கு மருந்து இரண்டாவது கியர். ஏறிய கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வதன் இயற்பியல் இதுதான்: ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்ததும் பெட்ரோல் இன்ஜினின் காற்று வழி மூடிக்கொள்கிறது, சிலிண்டர்கள் வெற்றிடத்தை இழுத்துத் திணறுகின்றன, அந்தத் திணறல்தான் சக்கரத்தைப் பிடிக்கிறது. வெப்பமெல்லாம் ரேடியேட்டருக்கும் புகைக்குழாய்க்கும் போகிறது. டீசலில் அந்த மூடி இருப்பதில்லை அல்லது அவ்வளவு இறுக்கமாக மூடுவதில்லை. அழுத்திய காற்று ஸ்பிரிங் போலத் திரும்பித் தள்ளிவிடுவதால் பிடிப்பு எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. அதனால்தான் பெரிய டீசல் வண்டிகளுக்குத் தனியே எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள்.

இந்த வெற்றிடம் வாங்குபவருக்கு இன்னொரு உதவியும் செய்கிறது. வால்வு தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் சீல் தேய்ந்திருந்தால், நீண்ட இறக்கத்தில் அந்த வெற்றிடம் மேலிருந்து ஆயிலைச் சிலிண்டருக்குள் உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே இரண்டு மூன்று வளைவு இரண்டாம் கியரிலேயே காலை எடுத்து இறங்குங்கள். நேரான இடம் வந்ததும் ஆக்சிலரேட்டரை ஒரு மிதி. பின்கண்ணாடியில் நீலப் புகை ஒரு கொத்தாக வந்து மறைந்தால் சீல் போயிருக்கிறது, வராவிட்டால் நல்லது. விடாமல் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங்கே தேய்ந்திருக்கும். அது இன்ஜின் வேலை, விலையில் கழித்துக்கொள்ள வேண்டிய தொகையும் வேறு. இந்த ஒரு சோதனையைச் சமவெளியில் எவ்வளவு ஓட்டினாலும் செய்ய முடியாது.

முந்தலுக்கு இறங்கியதும் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோங்கள், தொடாமல். முன் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்தப் பக்கத்து கேலிப்பர் ஒட்டிக்கொண்டு விடாமல் பிடிக்கிறது. அப்புறம் டீ குடிக்கப் போகலாம். சும்மா இல்லை, இதுவும் சோதனைதான். ஓடும்போது டிஸ்க்கைக் காற்று குளிர்வித்துக்கொண்டிருந்தது. நின்றதும் காற்று இல்லை. டிஸ்க்கில் தேங்கிய சூடு மெல்லக் கேலிப்பருக்கும் அதற்குள்ளிருக்கும் ஆயிலுக்கும் ஏறுகிறது. மலை முழுக்க ஒழுங்காக இருந்த பிரேக், கடையில் கால் மணி நேரம் நின்றபின் மெத்தென்று போவது இதனால்தான். டீ குடித்துவிட்டு வந்து இன்ஜினைப் போட்டு, பெடலை அழுத்தி அரை நிமிடம் அப்படியே வையுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் கசிகிறது. பஞ்சு போல இருந்தால் ஆயில் பழையது. சீல் உடைக்காத புதிய டப்பாவை வாங்கி நான்கு சக்கரத்திலும் பழையதை வெளியேற்றச் சொன்னால் தீர்ந்தது, சில நூறு ரூபாய்ச் செலவு. அதற்காக நல்ல வண்டியை விட்டுவிட வேண்டாம். ஆனால் ஆயில் மாற்றியபின் இன்னொரு முறை முந்தலுக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுப்பேன் என்று விற்பவரிடம் சொல்லிவிடுங்கள்; டீசல், பெட்ரோல் காசு உங்களுடையது என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்.